ஊற்றக்கூடாத பால்

றக்வானைக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தில் மூக்கையா வளர்த்த செவலைப் பசு அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்த நாளிலிருந்துதான் அவன் நிம்மதி கெட்டது. அதுவரை அந்தத் தோட்டத்தில் எதுவுமே அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்ததில்லை. மண் சரிந்திருக்கிறது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கூரை பறந்திருக்கிறது, பாதி ஏற்றத்தில் பஸ் நின்றுபோய்ப் பிள்ளைத்தாச்சிகள் ரோட்டோரத்திலேயே பெற்றிருக்கிறார்கள். எதற்கும் ஒருவரும் வரவில்லை. ஒரு மாட்டுக்கு வந்தார்கள்.

வடக்கே சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம் அது. மூக்கையா மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவன் பெண்டாட்டி பிரேமலதா கொழுந்து எடுக்கிறவள். கலியாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல், கதிர்காமத்துக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்ட பிறகு பிறந்தவள் சசி. மூன்று வயது. செவலையின் காலைப் பால் ரோடு திரும்பும் முடக்கில் பாறூக் நானா வைத்திருந்த பால் சேர்க்கும் கடைக்குப் போகும். அந்திப் பால் சசிக்கு. அந்தப் பாலில் வளர்ந்ததால்தான் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று லயம் முழுவதும் சொல்லும். பிரேமலதா அதைக் கேட்டுத் திருஷ்டி சுற்றிப் போடுவாள்.

முதலில் வந்தவள் நுஸ்கா. பலாங்கொடைப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கிறவள். படிப்புக்காகப் பல இடங்களில் பாலெடுத்துச் சோதித்தபோது, பாறூக் நானா கடைப் பாலில் இருக்கக்கூடாத ஒன்று இருந்தது. பால் ஊற்றுகிறவர்களின் பாலை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே வந்தாள். செவலையின் பாலில் வந்து நின்றது.

"மாடு எங்க மேயுது?" என்று கேட்டாள்.

மூக்கையா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். மூடிக்கிடந்த ஸ்டோரின், அதாவது பழைய தேயிலைத் தொழிற்சாலையின், பின்பக்கம் அது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்து டிரான்ஸ்போமர் ஒன்று துருப்பிடித்துச் சாய்ந்து நின்றது. அடிப்பக்கத்திலிருந்து எண்ணெய் கசிந்து, மண்ணைக் கறுப்பாக்கி, புல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. முழங்கால் வலிக்கு அந்த எண்ணெய் நல்லது என்று பாதிப்பேர் போத்தலில் பிடித்துக்கூட வைத்திருந்தார்கள்.

நுஸ்கா லயத்து வாசலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "இந்த எண்ணெயில ஒரு நஞ்சு ஈக்குது. தண்ணியில கரையாது, கொழுப்புல போய்ச் சேரும். மாடு புல்லோடயும் மண்ணோடயும் தின்னுது, பால் வழியா வெளிய வருது. காய்ச்சினாலும் போகாது. மணம் மாறாது, நிறம் மாறாது."

"குடிச்சா என்னா ஆகும் மிஸ்?" என்றாள் பிரேமலதா.

"ஒரு நாள் ரெண்டு நாள்ல ஒண்ணும் தெரியாது. வருசக்கணக்கா உடம்புக்குள்ள நிக்கும். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கூடப் பயம். வளர்ச்சி, படிப்பு, நோயை எதிர்க்கிற சக்தி... எவ்வளவு பாதிக்கும்னு என்னால சொல்ல ஏலாது. பயந்து சாக வேணாம். இண்டையோட பாலை நிப்பாட்டுங்க. மாட்டை வேற மலையில கட்டுங்க. அந்த எண்ணெயைக் கையால தொடாதீங்க. நிப்பாட்டினா மெல்ல மெல்லக் குறையும்."

பிரேமலதா அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த பாலை இறக்கி வைத்தாள். அன்று அந்திக்குச் சசிக்குப் பாலில்லாத ப்ளேன்டி கொடுத்தாள். பிள்ளை கிளாஸைத் தள்ளிவிட்டு அழுதது.

நுஸ்கா சட்டப்படி தகவல் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருந்தது. சொன்னாள். அவள் செய்த ஒரே தவறு அது என்று பிற்பாடு அவளே சொல்லி வருந்தினாள்.

அந்த இடத்தின் பெயர் விலங்குணவுத் தூய்மைப் பணியகம். இரத்தினபுரியில் வெளிநாட்டுக் காசில் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். அழகான பூச்சாடிகள், நல்ல குளிரூட்டி, கருத்தரங்குக்கு ஒரு மண்டபம் எல்லாம் இருந்தன. திறந்த நாளிலிருந்து ஓர் அழுக்குத்தான் கிடைக்காமல் இருந்தது. பால், முட்டை, இறைச்சி, மீன் என்று எதைச் சோதித்தாலும் தூய்மையாகவே இருப்பதாக அறிக்கை எழுதி எழுதி அங்கே எல்லோரும் சோர்ந்துபோயிருந்தார்கள். ஊசிமலைச் செய்தி வந்த அன்று கேக் வெட்டினார்களாம்.

மூன்று ஜீப்பில் வந்து இறங்கினார்கள். தலை முதல் கால்வரை வெள்ளை உறை, முகத்தில் மூடி. சசி பயந்து கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். செவலை மட்டும் பயப்படவில்லை. வந்தவர்களில் ஒருவரின் உறையை நக்கிப் பார்த்தது. அவரை உடனே தனியாக ஒரு ஜீப்பில் ஏற்றி இரத்தினபுரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

தலைமை தாங்கி வந்தவர் பணியகத்தின் இரண்டாவது பெரியவரான பிரதிப் பணிப்பாளர். சிங்களவர். தமிழ்ப் பரீட்சையில் சித்தியடைந்து அதற்கென்று மேலதிகச் சம்பளமும் வாங்குகிறவர். மூக்கையாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. "மாத்தயா, சிங்களத்திலேயே சொல்லுங்க" என்று அவன் சிங்களத்திலேயே கேட்டுக்கொண்டான். அவர் சம்மதிக்கவில்லை. படித்த தமிழை வேறு எங்கே பேசுவது?

"பெருமதிப்பிற்குரிய பசு உரிமையாளரே! நாம் உம்மைக் குற்றஞ்சாட்டவில்லை. உமது பசுவை மாத்திரமே குற்றஞ்சாட்டுகின்றோம்."

"நல்லதுங்க சேர்" என்றான் மூக்கையா. "எண்ணெ ஒழுகுற எடம் அந்தா, மேல இருக்குங்க. அத வந்து பாருங்களேன்."

"பணியகம் விலங்குணவை மாத்திரமே ஆராயும். மின்மாற்றி விலங்கு அன்று. உணவும் அன்று."

"அப்ப அந்தப் புல்லு?"

"புல் தாவரமாகும். தாவரங்களுக்கு வேறொரு பணியகம் உண்டு. அஃது இன்னும் நிறுவப்படவில்லை."

பிரேமலதா சசியை இழுத்து வந்து முன்னால் நிறுத்தினாள். "எங்க புள்ள சேர். பால்குடி மறந்ததுலேர்ந்து இந்தப் பாலத்தான் குடிச்சிச்சு. இதுக்கு என்னா பண்றதுன்னு சொல்லுங்க."

அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். பிறகு, பிழையில்லாத ஒரு வாக்கியம் அமைந்துவிட்ட திருப்தியோடு சொன்னார்: "குழந்தை விலங்குணவு ஆகாது. குழந்தையை எவரும் உண்பதில்லை."

"தின்னாமத்தான் இருக்கீங்களாக்கும்" என்று பிரேமலதா முணுமுணுத்தாள். அந்தத் தமிழ் அவருடைய பரீட்சைக்கு வந்திருக்கவில்லை.

போகுமுன் கட்டளைகளை வாசித்தார். இந்தப் பாலைக் குடிக்கக்கூடாது. விற்கக்கூடாது. நாய்க்கு வைக்கக்கூடாது. ஓடையில் ஊற்றினால் தண்ணீர் கெடும், மண்ணில் ஊற்றினால் மண் கெடும். ஆகவே எங்கும் ஊற்றவும் கூடாது. கறக்காமல் விடவும் கூடாது, அது மிருகவதை. மாட்டை வேறு மலைக்கு மாற்றவும் கூடாது. அது சான்று. சான்றை இடம் மாற்றினால் சிறை.

"அப்ப கறந்த பால என்னாங்க சேர் செய்யிறது?"

"மறு அறிவித்தல் வரை பாதுகாக்குக."

மூக்கையா பாதுகாத்தான். வாளி நிறைந்தது, குடம் நிறைந்தது. பாறூக் நானா இரக்கப்பட்டுப் பழைய கேன்களைக் கொடுத்தார், அவையும் நிறைந்தன. இருந்த ஒரே அறையான காம்பராவில் படுக்க இடமில்லாமல் கேன்களுக்கு நடுவே மூன்று பேரும் முடங்கிப் படுத்தார்கள். புளித்த வாடை லயம் முழுக்கப் பரவியது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் முதலில் அனுதாபப்பட்டார்கள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் பேச்சை நிறுத்தினார்கள். விடிந்தால் மூக்கையா இரண்டு மலை தாண்டிப்போய்ப் புல்லறுத்துக் கொண்டுவந்து போடுவான். நின்ற இடத்திலேயே மாடு வேறு புல் தின்றால் அது குற்றமா என்று கட்டளையில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு முள்ளுக்கம்பி வந்தது. லொறியில் சுருள் சுருளாக வந்து இறங்கியதைப் பார்த்ததும், ஒருவழியாக டிரான்ஸ்போமரைச் சுற்றி அடைக்கப் போகிறார்கள் என்று மூக்கையா சந்தோஷப்பட்டு, கம்பம் நட ஒத்தாசைக்கும் போனான். அவர்கள் மாட்டைச் சுற்றி அடைத்தார்கள். 'அபாயம்' என்று சிவப்பு எழுத்தில் பலகை மாட்டினார்கள். அதன்கீழ் செவலை அசைபோட்டுக்கொண்டு நின்றது.

கன்றுக்குட்டியும் அந்தப் பாலைக் குடிக்கக்கூடாது அல்லவா? அதற்கும் பணியகம் வழி வைத்திருந்தது. கன்று விலங்கு; ஒரு நாள் உணவாகவும் ஆகலாம்; ஆகவே அது வரையறைக்குள் வந்தது. கிழமைக்கு ஒரு தரம் ஜீப்பில் கன்றுக்கு வெளிநாட்டுப் பால்மா வந்து இறங்கியது. சசி வாசற்படியில் உட்கார்ந்து ப்ளேன்டியைக் குடித்துக்கொண்டே, கன்று பால் குடிப்பதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிரேமலதா எத்தனை நாளைக்குத்தான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? கன்றின் பால்மாவிலிருந்து பிள்ளைக்கும் இரண்டு கரண்டி போடத் தொடங்கினாள். அடுத்த பரிசோதனையில் பிரதிப் பணிப்பாளர் கன்றை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கவலையோடு தலையாட்டினார். "கன்று எதிர்பார்த்த அளவு வளர்ச்சியடையவில்லை. தாய்ப்பசுவின் நஞ்சே இதற்குக் காரணம்." அதைக் கேட்டு மூக்கையா பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள்.

டிரான்ஸ்போமர் யாருடையது என்று கண்டுபிடிக்க மூக்கையா வேலைக்கு லீவு போட்டுவிட்டு அலைந்தான். தோட்டக் கந்தோரில் இருந்த கிளார்க்குமார், கம்பனி குத்தகைக்கு எடுத்தது தேயிலைச் செடிகளை மட்டும்தான், வெள்ளைக்காரன் விட்டுப்போன இரும்புக்கு அவனைத்தான் கேட்க வேண்டும் என்றார்கள். மின்சாரக் கந்தோரில், கரண்ட் ஓடினால்தான் அது எங்கள் சாமான், ஓடாவிட்டால் இரும்பு என்றார்கள். கடைசியில் இரத்தினபுரிப் பணியகத்துக்கே போனான். அன்று அங்கே 'பாதிக்கப்பட்ட மக்களுக்குச் செவிசாய்த்தல்' என்று கருத்தரங்கு. அதனால் ஒருவரையும் பார்க்க முடியாது என்று காவலாளி சொன்னான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்த பிரதிப் பணிப்பாளரை மூக்கையா படிக்கட்டில் மறித்துக்கொண்டான்.

"சேர், மாடு எப்பிடியும் போவட்டும். எம்புள்ள ரத்தத்த மட்டும் சோதிச்சுச் சொல்லுங்க. ஒங்ககிட்ட மிசினு இருக்குன்னாங்க."

"எமது இயந்திரம் பாலை மாத்திரமே சோதிக்கும்" என்றார் அவர். பிறகு அவருக்கே இரக்கம் வந்தது. "உமது மனைவி தற்போது பாலூட்டுகின்றாரா? அவ்வாறாயின் அவரது பாலைச் சோதிக்கலாம். மனிதப் பெண் விலங்கு ஆவாளா என்று சட்டத்துறையிடம் அபிப்பிராயம் கேட்டுள்ளோம்."

மூக்கையாவுக்குக் கோபம்கூட வரவில்லை. தூக்கம்தான் வந்தது. பெல்மதுளையில் பஸ் மாறி, ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போய், தோட்டத்துக்கு இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டான். இருட்டுவதற்குள் நடந்தே திரும்பி வந்து சேர்ந்தான்.

மழைக்காலம் வந்தது. எண்ணெய் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் லொறி வந்து பால் கேன்களையெல்லாம் ஏற்றியது. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்டதற்கு, "வேறு மாவட்டத்திற்கு" என்று மட்டும் பதில் வந்தது. அடுத்த கிழமை, விடியலில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் பந்தல் போட்டார்கள். செவலையைக் குளிப்பாட்டி, மாலை போட்டுக் கூட்டிவரச் சொன்னார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் கமெராவோடு வந்திருந்தார். பாறூக் நானாவும் கடையைச் சாத்திவிட்டுப் புதுக் கேனோடு வந்து நின்றார். அன்றைக்கே மறுபடி பால் எடுக்கலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

பிரதிப் பணிப்பாளர் மேடையேறினார்.

"அன்பார்ந்த தோட்ட மக்களே! நேற்று வரை இப்பாலில் நஞ்சானது அனுமதிக்கப்பட்ட அளவிற்கு மேலாக இருந்தது. யாம் கண் துஞ்சாது உழைத்தோம். பன்னாட்டு வல்லுநர்களோடு கலந்துரையாடினோம். நேற்று மாலை அனுமதிக்கப்பட்ட அளவை உயர்த்தினோம். ஆகவே இன்று நஞ்சானது அளவிற்குக் கீழே உள்ளது. பாலில் ஒரு துளியேனும் மாற்றம் செய்யாமலே பாலைத் தூய்மையாக்கிய முதற் பணியகம் எமதே!"

உத்தியோகத்தர்கள் கைதட்டினார்கள். சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தமிழ் எல்லோருக்கும் புரியவில்லை. மூக்கையாவுக்குப் புரிந்தது. இத்தனை நாள் கேட்டுக் கேட்டு அவனுக்கு அது பழகிப்போயிருந்தது.

யாரோ செவலையைக் கறந்து, பாலைக் காய்ச்சி, கண்ணாடிக் கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு பெண் உத்தியோகத்தர் சசியின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போய்க் கிளாஸைக் கொடுத்தார். கமெராக்காரர் முட்டிபோட்டார். பிள்ளைக்கு மாதக்கணக்கில் காணாத செவலைப் பால். இரண்டு கையாலும் கிளாஸை வாங்கி முகத்துக்கு நேரே தூக்கியது.

"ஏங்க!" என்று பிரேமலதா கத்தினாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் வருவதற்குள் மூக்கையா மேடையேறிவிட்டான். ஏறினதை அவனால் பிற்பாடும் நினைவுபடுத்த முடியவில்லை. பிள்ளை உதட்டில் வைத்த கிளாஸைப் பறித்தான். அது வீரிட்டு அழுதது. அவன் கிளாஸைப் பிரதிப் பணிப்பாளரிடம் நீட்டினான்.

"மொதல்ல நீங்க குடிங்க சேர்."

அவர் அசந்துபோனார். ஆனால் பதில் இல்லாமல் போகவில்லை. "புதிய அளவானது பொதுமக்களுக்காகக் கணிக்கப்பட்டது. நான் ஓர் உத்தியோகத்தர்."

மூக்கையா மேடையோரம் வந்து, குனிந்து, பாலைத் தரையில் ஊற்றினான்.

"பிமட்ட தாண்ட எப்பா!" என்று அலறினார் பிரதிப் பணிப்பாளர். தரையிலே கொட்டாதே என்று. பரீட்சை எழுதிப் படித்த தமிழெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ தெரியவில்லை. "அது விஷமடா! மண் நாசமாகும்!" என்று சிங்களத்தில் அலறிக்கொண்டே இரண்டு எட்டுப் பின்னால் பாய்ந்தார்.

இந்தத் தடவை எல்லோருக்கும் புரிந்தது. அந்தத் தோட்டத்தில் சிங்களம் தெரியாத ஆள் கிடையாது.

ஒருவரும் கல்லெறியவில்லை. பாறூக் நானா புதுக் கேனின் மூடியை அமுக்கிச் சாத்தினார். "அப்ப நா வாறேன் மூக்கையா" என்று சொல்லிவிட்டு, கேனைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பிரேமலதா அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையால் அதன் உதட்டைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பணியகத்து ஆட்கள் வந்து பால் கொட்டின இடத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்துவிட்டுப் போனார்கள். பாய் விரிக்கிற அளவுதான் இருக்கும். செவலை இப்போது சட்டப்படி நல்ல மாடு. அதன் வேலியைக் கவனிப்பாரில்லை. மூக்கையா நுஸ்காவிடம் கேட்டான். அவள் தன் காசில் கையுறையும் பொலித்தீனும் வாங்கிக்கொண்டு வந்தாள். லயத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து, அவள் காட்டின இடத்தில் மண்ணணை கட்டி, ஒழுகும் எண்ணெய்க்குக் கீழே தகரப் பெரல் ஒன்றைப் பதித்தார்கள். பிறகு மாட்டைச் சுற்றியிருந்த கம்பியைப் பிடுங்கிக்கொண்டுபோய் டிரான்ஸ்போமரைச் சுற்றி அடித்தார்கள். 'அபாயம்' பலகையையும் மாட்டினார்கள். செவலையைத் தூர மலைக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள். முழுசாக இது போதாது என்று நுஸ்கா சொன்னாள். இதையாவது செய்தோமே என்று மூக்கையா சொன்னான்.

இரண்டு நாள் கழித்து பொலிசிலிருந்து ஆள் வந்தது. அரசாங்க முள்ளுக்கம்பியைத் திருடியதாகப் பணியகம் முறைப்பாடு கொடுத்திருந்தது.

றக்வானைப் பொலிசில் நரைத்த மீசைக்கார சார்ஜன்ட் ஒருவர் இருந்தார். பேச்சு சிங்களத்தில் நடந்தது.

"கம்பியைத் திருடினாயா?"

"திருடல மாத்தயா. எடம் மாத்தி வச்சேன்."

"ஏன்?"

மூக்கையா சொன்னான். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தான். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. சார்ஜன்ட் பேனாவைத் திறந்து வைத்திருந்தார், எழுதவில்லை. பாறூக் நானாவின் கடையைச் சொன்ன இடத்தில் நிமிர்ந்தார்.

"அந்த முடக்குக் கடையா?"

"ஆமா மாத்தயா. ஊர்ப் பாலெல்லாம் அங்கதான் ஒண்ணா ஊத்துவாங்க. எம்மாட்டுப் பாலும் அதிலதான் போச்சு."

சார்ஜன்ட் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் போகாமல், மூக்கையா உட்கார்ந்திருந்த மர வாங்குப் பலகையிலேயே வந்து உட்கார்ந்தார்.

"என் மகள் வீட்டுக்கு அங்கேயிருந்துதான் பால் எடுத்தோம்" என்றார். "பேரப்பிள்ளைகள் இரண்டு. சின்னவனுக்கு இன்னும் நடை வரவில்லை." குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?"

மூக்கையா நுஸ்கா சொன்னதையெல்லாம் சொன்னான். நிப்பாட்டினால் மெல்ல மெல்லக் குறையும் என்றான். பல பேர் பாலோடு கலந்ததால் அவர்கள் குடித்தது கொஞ்சமாகத்தான் இருக்கும் என்றான்.

"கொஞ்சமென்றால் எவ்வளவு?"

"அது தெரியல மாத்தயா."

"யாரிடம் போய்க் கேட்பது?"

மூக்கையா யோசித்துப் பார்த்தான். தோட்டக் கந்தோரை நினைத்தான், மின்சாரக் கந்தோரை நினைத்தான், இரத்தினபுரியின் இரண்டு மாடியையும் நினைத்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை.

வெளியே ஊசிமலை பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அதை விட்டால் அந்திக்குத்தான் அடுத்த பஸ். போகலாமென்று சார்ஜன்ட் சொல்லவில்லை. போகட்டுமா என்று மூக்கையாவும் கேட்கவில்லை. பஸ் இன்னொரு தரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் புறப்பட்டு, ஏற்றத்தில் முனகிக்கொண்டு போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. இரண்டு பேரும் அந்த வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.